‘போக்குவரத்துச் சிரமம்’ என்று நான் மொழிபெயர்த்த வாக்கியம்

(அருப்புக்கோட்டையில் மாணவர்கள் கூட்டிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘வெளிநாட்டுத் தொண்டு நிறுவன ஆலோசகர்களும் நம் ஊர்த் தனியார் பள்ளிகளும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் சொன்னபோது எங்க அம்மா, “நம்ம கரிசக்காட்டுக்கு வெள்ளைக்காரன் எதுக்குப்பா வர்றான்?” என்று கேட்டார். வந்தார்கள் தோழர்களே. நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாகவும் இருந்திருக்கிறேன். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதுகலை முடித்துவிட்டு, ஆராய்ச்சியில் சேர்வதற்கு முன்னால், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அது ஒரு பள்ளியின் கதையாக முடிந்துவிடும். கையில் வாங்கிய சம்பளம் எட்டாயிரம். கையெழுத்துப் போட்டது அதற்கு மேலே. இங்கே உட்கார்ந்திருக்கிற தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். குறைந்த கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வது அவர்கள் வேலை. ஒருவர் இளைஞர். இன்னொருவர் அவர்கள் நாட்டில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா. நல்ல மனுஷி. விளையாட்டு மைதானத்தில் விழுந்த பையனின் முழங்காலை அவரே உட்கார்ந்து கழுவித் துடைத்து மருந்து போட்டார். எங்கள் பள்ளியில் எந்த ஆசிரியரும் அந்தப் பையனை அப்படித் தொட்டுத் தூக்கியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆகவே நான் இன்று பேசப் போவது கெட்டவர்களைப் பற்றி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று நாள் தங்கினார்கள். அவர்களிடம் நீளமான படிவம் ஒன்று இருந்தது. எத்தனை கழிப்பறை, எத்தனை புத்தகம், வகுப்பில் ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசுகிறார், மாணவர் எத்தனை நிமிடம் பேசுகிறார், எத்தனை பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. சாதிக்குக் கட்டம் இல்லை.

மூன்றாம் நாள் பெற்றோர் கூட்டம். யார் யார் வர வேண்டும் என்று தாளாளர் பட்டியல் போட்டிருந்தார். பட்டியலில் இல்லாத ஒரு அக்காவும் வந்துவிட்டார். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். பேசச் சொன்னதும் எழுந்து சொன்னார்:

“வேன் எங்க காலனிக்குள்ள வராதுங்க. ஊர் முக்குலயே நின்னுக்கிரும். பிள்ளைக முக்காக் கிலோமீட்டர் நடந்து வந்து ஏறணும். மழை பேஞ்சா கரிசல் காலை விடாது. லேட்டாயிருச்சுன்னு நீங்க வெளிய நிக்க வைக்கிறீக. வேன் பீஸ் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான வாங்குறீக?”

தாளாளர் அந்த அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “அவர் இருக்கும் பகுதியிலிருந்து வருவதற்குப் போக்குவரத்துச் சிரமம் இருப்பதாகச் சொல்கிறார்.” அந்த வெளிநாட்டு அம்மா அக்கறையோடு தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

நானும் ஒரு காலனியில் பிறந்தவன். அந்த முக்காக் கிலோமீட்டர் எனக்குத் தெரியாததல்ல. அடுத்த மாதச் சம்பளத்தை நினைத்துச் சொன்னேன்.

சில மாதம் கழித்து அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் வழவழப்பான தாளில் இருந்தது. தாளாளர் என்னைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னதால் நான் படித்தேன். ஒரு பத்தியின் சாரம் இதுதான்: சில பெற்றோருக்குப் போக்குவரத்துச் சிரமம் உள்ளது. அப்பிள்ளைகளிடையே தாமத வருகை அதிகம். நேரம் தவறாமையின் முக்கியத்துவம் குறித்துப் பெற்றோருக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்தலாம்.

அந்த விழிப்புணர்வு வகுப்பை நடத்தச் சொல்லி எனக்கே பொறுப்புக் கொடுத்தார்கள். அந்த அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நேரம் தவறாமை பற்றி நான் பேசினேன்.

அடுத்த கல்வி ஆண்டில் பள்ளி வாசலில் பிளெக்ஸ் வைத்தார்கள். ‘சர்வதேச வல்லுநர்களின் வழிகாட்டுதலுடன்’ என்று எழுதி, அந்த இருவரின் படமும் போட்டிருந்தது. கட்டணம் ஏறியது. வேன் நிற்கிற இடம் மாறவில்லை.

தோழர்களே, இந்தச் சம்பவத்தில் என் கோழைத்தனம் இருக்கிறது. அதை மறைக்கவில்லை. ஆனால் நான் தைரியமாக மொழிபெயர்த்திருந்தால் பிரச்சனை தீர்ந்திருக்குமா? அந்த ஆலோசகர்களை அழைத்தது தாளாளர். தங்க வைத்தது தாளாளர். அறிக்கையை வாங்கிக்கொண்டதும் தாளாளர். அவர்களுக்குச் செலவுக்குக் கொடுத்தது கடல் கடந்த நன்கொடையாளர்கள். இந்த வட்டத்துக்குள் கட்டணம் கட்டுகிற அந்த அக்கா எங்கே இருக்கிறார்? ஆலோசகர் தாளாளருக்குப் பதில் சொல்கிறார், நன்கொடையாளருக்குப் பதில் சொல்கிறார். அந்த அக்காவுக்கு யார் பதில் சொல்வது? நான் இன்று கேட்க வந்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.

இது இன்று நேற்று வந்த கேள்வி இல்லை. நம் பகுதியில் இதற்கு நூற்று எழுபது ஆண்டு வரலாறு உண்டு.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மிஷனரி அமைப்பு, யாழ்ப்பாணத்தில் பணி செய்துகொண்டிருந்தவர்கள் வழியாக 1834இல் மதுரைக்கு வந்தது. அதுதான் அமெரிக்கன் மதுரை மிஷன். திருமங்கலம், பசுமலை, நம் பக்கத்து மண்டபசாலை என்று அதன் நிலையங்கள் பரவின. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் திண்ணையில்கூட உட்கார முடியாத பிள்ளைகளின் கையில் சிலேட்டைக் கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. என் தாத்தா ஐந்தாம் வகுப்புவரை படித்தது அந்த மரபில் வந்த ஒரு பள்ளியில்தான். எங்கள் குடும்பத்தில் முதல் கையெழுத்து அவருடையது. இந்த நன்றியை மறந்துவிட்டு நான் பேச முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1847இல் அந்த மிஷன், தன்னிடம் வேலை பார்த்த உபதேசியார்களையும் சபையாரையும் பார்த்துச் சாதியைப் பற்றி நேரடியாகக் கேட்டது. எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடத் தயாரா என்பதுதான் கேள்வி. மறுத்தவர்கள் விலக்கப்பட்டார்கள். ஆட்கள் குறைந்தார்கள், வேலை பாதித்தது. அப்படியும் கேட்டார்கள். மதம் பரப்ப வந்தவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்த நாட்டில் எதை மாற்றவேண்டுமென்றாலும் சாதியைக் கேட்காமல் முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1847இல் தெரிந்த விஷயம், இவ்வளவு நீளமான படிவத்தோடு இன்று வருகிறவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 1854-55இல் அந்த அமைப்பின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன், இன்னொருவரோடு பாஸ்டனிலிருந்து புறப்பட்டு இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த தங்கள் நிலையங்களைப் பார்வையிட வந்தார். இன்றைய பாஷையில் சொன்னால் அது ஆலோசகர் குழுவின் கள ஆய்வு. பார்த்தார், கூட்டம் போட்டார், முடிவு சொன்னார். ஆங்கிலம் படித்தவர்கள் கிராமத்தில் ஊழியம் செய்யாமல் அரசாங்க வேலைக்கும் நல்ல சம்பளத்துக்கும் போய்விடுகிறார்கள். ஆகவே பள்ளிகள் தாய்மொழியில், கிராம ஊழியர்களைத் தயார் செய்வதற்கு மட்டும் இருக்கட்டும் என்பது அவர் வாதம். யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் 1823 முதல் நடந்துவந்த புகழ்பெற்ற செமினரி 1855இல் மூடப்பட்டது. மதுரை மிஷனிலும் ஆங்கிலக் கல்வி சுருக்கப்பட்டது.

ஆண்டர்சன் நம் மேல் வெறுப்பு கொண்டவர் இல்லை. உள்ளூர்த் திருச்சபை உள்ளூர் ஆட்களால் நடக்க வேண்டும் என்று வாதிட்டவர். ஆனால் ஒரு வண்ணான் வீட்டுப் பிள்ளை, ஒரு பறையர் வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போவதை அவர் நஷ்டக் கணக்கில் எழுதினார். அந்தப் பிள்ளையின் தகப்பனைக் கேட்டிருந்தால் அதை லாபக் கணக்கில் எழுதியிருப்பார். கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் அந்தச் செமினரியில் படித்து வசதியோடு இருந்தவர்களும் உள்ளூர்க் கிறித்தவர்களும் முயன்று 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக அதை மீட்டெடுத்தார்கள். நிலமும் செல்வாக்கும் உள்ளவர்களால் அது முடிந்தது. அந்த இரண்டும் இல்லாதவர்களுக்கு யார் மீட்டுக்கொடுப்பது?

இப்போது திருப்பிப் பாருங்கள். அன்று பாஸ்டனிலிருந்து வந்தவர் உங்களுக்கு ஆங்கிலம் வேண்டாம் என்றார். இன்று வருகிறவர்கள் ஆங்கிலம்தான் வேண்டும், ஒலிப்பு முறையில் வேண்டும், மூன்று வயதிலிருந்தே வேண்டும் என்கிறார்கள். ஆலோசனை தலைகீழாக மாறிவிட்டது. ஆனால் அன்றும் நம்மைக் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

சரி, இவர்கள் ஏன் தனியார் பள்ளிகளுக்கு வருகிறார்கள்? அரசுப் பள்ளிகள்தானே ஏழைகள் படிக்கிற இடம்? இதற்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த பேராசிரியர் ஜேம்ஸ் டூலி 2000ஆம் ஆண்டில் உலக வங்கிக் குழுமத்தின் நிதி நிறுவனத்துக்கு ஆலோசகராக ஹைதராபாத் வந்தார். சார்மினாரைச் சுற்றியுள்ள சந்துகளில் ஏழைகள் கட்டணம் கட்டிப் படிக்கும் சின்னச் சின்னத் தனியார் பள்ளிகளைப் பார்த்தார். ஏழைகளின் கல்விக்கு இதுதான் வழி என்று 2009இல் புத்தகம் எழுதினார். புத்தகத்தின் பெயர் ‘அழகிய மரம்’. காந்தி 1931இல் லண்டனில், ஆங்கிலேயர் வருவதற்கு முன் இந்தியாவில் கல்வி ஓர் அழகிய மரமாக இருந்தது என்ற பொருளில் பேசியதிலிருந்து எடுத்த தலைப்பு.

அந்த மரத்தைப் பற்றி நமக்கு ஒரு கேள்வி உண்டு. அதன் எந்தக் கிளையில் நம் தாத்தாவின் தாத்தா உட்கார்ந்திருந்தார்? மரத்தடியில்கூட அவருக்கு இடம் இல்லை. கல்வி தனியார் கையில் இருந்தபோது யாருக்குக் கிடைத்தது என்பதை நாம் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதனால்தான் 1882இல் ஹன்டர் கல்விக் கமிஷன் முன் மகாத்மா ஜோதிராவ் புலே, உழைக்கிற மக்கள் கட்டும் வரியில் மேல்சாதியாருக்கு உயர்கல்வி கொடுக்கிறீர்களே என்று கேட்டார். பன்னிரண்டு வயதுவரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னார். அரசே செய் என்றார். ‘தனியார் முயற்சியை ஊக்குவிப்போம்’ என்ற பேச்சு அந்தக் கமிஷனிலேயே இருந்தது. நூற்று நாற்பது ஆண்டுக்கு முந்தைய பேச்சைத்தான் இன்று புது அட்டை போட்டுக் கொண்டுவருகிறார்கள்.

தனியார் பள்ளிக்குப் போனால் உண்மையிலேயே அதிகம் கற்கிறார்களா? ஒன்றுபட்ட ஆந்திராவில் 180 கிராமங்களில் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் பெரிய ஆய்வு ஒன்றைச் செய்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் விருப்பப்பட்டவர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால், தெலுங்கிலும் கணக்கிலும் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அரசுப் பள்ளிகள் கற்றுத்தராத இந்தியில் மட்டும் போனவர்கள் முன்னே இருந்தார்கள். தனியார் பள்ளிகளுக்கு ஆதரவாகச் சொல்லவும் அந்த ஆய்வில் ஒன்று இருந்தது: அவை மிகக் குறைந்த செலவில் அதே அளவு கற்பித்தன. ஆனால் அந்தச் சிக்கனம் எங்கிருந்து வருகிறது? என் எட்டாயிரத்திலிருந்து வருகிறது. ஆசிரியரின் வயிற்றில் மிச்சம் பிடித்த காசு அது.

வெளிநாட்டு அனுபவத்தையும் பார்த்துவிடலாம். லண்டனில் முதலீட்டு நிதி நடத்துகிறவர்கள் சேர்ந்து 2002இல் ‘ஆர்க்’ என்ற தொண்டு நிறுவனத்தை உருவாக்கினார்கள். இங்கிலாந்தில் பள்ளிகள் நடத்துகிறது. அதன் ஆலோசனைப் பிரிவு, எபோலாவில் நொறுங்கிப்போன லைபீரிய நாட்டுக்கு உதவச் சென்றது. 2016இல் லைபீரியா தன் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சுமார் தொண்ணூறை வெளி அமைப்புகளிடம் ஒப்படைத்தது. கல்வி உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக அப்போது இருந்த கிஷோர் சிங், ஓர் அரசு தன் பொறுப்பை இப்படிக் கைகழுவக் கூடாது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தத் திட்டத்தில் பெரும்பங்கு பெற்றது ‘பிரிட்ஜ்’ என்ற அமெரிக்க நிறுவனம். ஆசிரியர் என்ன வார்த்தை பேச வேண்டும் என்பதுவரை ஒரு கருவியில் எழுதி அனுப்பும் முறை அவர்களுடையது. அந்தப் பள்ளிகளில் கற்றல் கூடியது என்று மதிப்பீட்டில் வந்தது. கூடவே, வகுப்பில் இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு வைத்து மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்பியதும், பழைய ஆசிரியர்களை வெளியேற்றியதும் அதே மதிப்பீட்டில் வந்தது. வெளியே போன பிள்ளை யாருடைய மதிப்பெண் பட்டியலிலும் இல்லை. அதே பிரிட்ஜ் கென்யாவில் நடத்திய பள்ளிகளில் பாலியல் கொடுமைப் புகார்கள் எழுந்தன. அதில் முதலீடு செய்திருந்த உலக வங்கிக் குழுமத்தின் நிறுவனம் 2022இல் விலகிக்கொண்டது. விலகுவது அவர்களுக்கு ஒரு கையெழுத்து வேலை. அந்தப் பிள்ளைகள் எங்கே விலகிப் போவார்கள்?

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்துக்கே முதலிடம் வாங்கிய மாவட்டம். அதே விருதுநகரை 2018இல் நிதி ஆயோக் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருந்தவை இரண்டுதான். இன்னொன்று பக்கத்து ராமநாதபுரம். தேர்ச்சியில் முதல், வாழ்க்கையில் பின்தங்கல். இந்த முரணை வெறும் படிவத்தால் விளக்க முடியாது. யார் நிலம் யாரிடம், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர் யார், பட்டாசு ஆலை வண்டி விடிகாலையில் எந்தத் தெருவில் ஆள் ஏற்றுகிறது என்று கேட்டால்தான் விளங்கும். ஆலைக்கு ஆள் ஏற்றும் வண்டி காலனிக்குள் வருகிறது தோழர்களே. பள்ளி வேன்தான் வருவதில்லை.

நம் பகுதியில் தனியார் பள்ளிக்கும் சாதிக்கும் உள்ள உறவு ரகசியம் அல்ல. அதற்கு ஒரு நியாயமான தொடக்கமும் உண்டு. கோயிலுக்குள் விடப்படாத, அவமதிக்கப்பட்ட நாடார் சமூகம், தானே பள்ளி கட்டிக்கொண்டது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை, வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்தப்பட்ட பள்ளி. காமராசர் படித்தது அங்கேதான். பிடியரிசி போட்ட வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்தில் போய் ‘என்னப்பா நடக்குது?’ என்று கேட்கிற உரிமை இருந்தது. தொண்டு பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது, அதனால் கேள்வியும் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது. அது நல்ல முன்மாதிரி. ஆனால் அரிசிப் பானையே காலியாக இருந்த சேரிக்கு அந்த வழி கிடைக்கவில்லை. அதனால்தான் அங்கே படித்து வந்த காமராசர், முதலமைச்சரானபின் ‘ஒவ்வொரு சாதியும் ஒரு பள்ளி கட்டிக்கொள்ளட்டும்’ என்று சொல்லவில்லை. அரசுப் பள்ளிகளைத் திறந்தார், 1956இல் மதிய உணவு போட்டார். இந்த அருப்புக்கோட்டைத் தொகுதி 1977இல் தேர்ந்தெடுத்த எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். எந்த வெளிநாட்டு ஆலோசகரின் அறிக்கையைவிடவும் அந்த ஒரு தட்டுச் சோறு நம் பிள்ளைகளை அதிகமாகப் பள்ளியில் உட்கார வைத்தது.

இந்த இடத்தில் இரண்டு எதிர்க்கேள்வி வரும். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வி: “வெளிநாட்டுப் பணம் கூடாது என்று சங்கிகளும்தானே சொல்கிறார்கள்? நீங்களும் அந்தப் பாட்டையே பாடுகிறீர்களா?” இல்லை. அவர்கள் கேட்பது, நம் பிள்ளைக்கு யார் சிலேட்டுக் கொடுத்தான் என்று. நாம் கேட்பது, சிலேட்டு பிள்ளையின் கையில் சேர்ந்ததா என்று. வெளிநாட்டு நிதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவசரநிலைக் காலத்தில், 1976இல் வந்தது. 2010இலும் 2020இலும் இறுக்கப்பட்டது. 2017இல் ‘கம்பேஷன்’ என்ற கிறித்தவத் தொண்டு நிறுவனம் இந்தச் சட்டத்தால் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதை நம்பியிருந்த பிள்ளைகள் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். ஒரு பெற்றோரையாவது அரசு கேட்டதா? கேட்கவில்லை. அந்த அநியாயத்தை நாம் கண்டிக்கிறோம். அதே நேரத்தில், ஒரு பிள்ளையின் படிப்பு டெல்லியில் ஓர் அதிகாரியின் கையெழுத்தில், அல்லது அயல்நாட்டில் ஒரு நன்கொடையாளரின் மனநிலையில் தொங்கிக்கொண்டிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதையும் அதிலிருந்தே கற்றுக்கொள்கிறோம்.

இரண்டாவது கேள்வி: “அரசுப் பள்ளியில் சாதி இல்லையா?” இருக்கிறது. 2018இல் அவினாசி அருகே ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியர் சமூகத்துப் பெண் சமைத்த சத்துணவைத் தம் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று ஆதிக்கச் சாதியார் தடுத்தார்கள். ஆனால் அங்கே போராட முடிந்தது, வழக்குப் பதிய முடிந்தது, அந்த அக்கா திரும்பச் சமைத்தார். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு, 2023இல், நீதியரசர் சந்துரு தலைமையில் குழு போட வைக்க முடிந்தது. பள்ளிகளின் பெயரில் உள்ள சாதியை நீக்கு, கையில் சாதிக் கயிறு கட்டவிடாதே என்று 2024இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை பொதுவெளியில் இருக்கிறது. திட்டலாம், பாராட்டலாம், நிறைவேற்று என்று சாலையில் உட்காரலாம். எங்கள் பள்ளிக்கு வந்த அந்த வழவழப்பான அறிக்கை எங்கே இருக்கிறது? தாளாளர் அறை பீரோவில்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய இடம். அருமையான ஏற்பாடு. ஆனால் அது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மட்டும்தான். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவில் 25 சதவீத இடத்தில் நம் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்கிறது. பிள்ளை உள்ளே போகலாம், அம்மா கேள்வி கேட்கும் இடத்தில் உட்கார முடியாது. மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிற அம்மாவுக்கு அந்தப் பள்ளியில் கிடைப்பது ரசீது மட்டும்தான்.

ஆகவே நான் கோரிக்கையாகச் சிலவற்றைச் சொல்கிறேன். இங்கே இருக்கிற மாணவர் தோழர்கள் அவரவர் ஊரில் இதை எடுத்துச் செல்ல வேண்டும்.

வெளிநாட்டு ஆலோசனை பெறுகிற எந்தப் பள்ளியும், அந்த அறிக்கையைத் தமிழில் மொழிபெயர்த்து, எல்லாப் பெற்றோரையும் கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் அந்தப் பள்ளியில் சம்பளம் வாங்குகிறவராக இருக்கக் கூடாது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

படிவத்தில் சாதிக்குக் கட்டம் வேண்டும். வேன் எங்கே நிற்கிறது, கடைசி பெஞ்சில் யார் உட்காருகிறார்கள், கழிப்பறையை யார் கழுவுகிறார்கள், கட்டணப் பாக்கிக்காக யாரை வெளியே நிற்க வைக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். எண்ணத் தெரியாதவர் ஆலோசனை சொல்ல வேண்டாம்.

25 சதவீத இடத்துக்கு அரசுப் பணம் வாங்குகிற எல்லாத் தனியார் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்க வேண்டும். பொதுப் பணம் வருகிற இடத்தில் பொதுக் கேள்வியும் வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, அருகமை அரசுப் பள்ளியைக் காப்பாற்ற வேண்டும். அந்த அக்கா தன் பிள்ளையை ஏன் அங்கே அனுப்பவில்லை? அவரையே கேட்டேன். “ரெண்டே வாத்தியார் தம்பி. அஞ்சு வகுப்பு. எங்க தெருப் பிள்ளைக மட்டும்தான் அங்க மிச்சம். ஊர்ப் பிள்ளைக எல்லாம் வேன்ல போயிருச்சு” என்றார். ஊர் காலி செய்துவிட்டுப் போன பள்ளியில் தன் பிள்ளை மட்டும் மிஞ்சக் கூடாது என்பதற்காகத்தான் கடன் வாங்கினார். எந்த ஊர்ப் பிள்ளைகளோடு சமமாக உட்கார வேண்டும் என்று அனுப்பினாரோ, அந்தப் பிள்ளைகளோடு சமமாக வேனில் ஏற முடியவில்லை. அவர் கேட்டது பள்ளிக்கூடம் மட்டும் இல்லை, சமத்துவம். அதை விற்கவும் முடியாது, இலவச ஆலோசனையாகக் கொடுக்கவும் முடியாது.

கடைசியாக ஒன்று. அந்த முழங்காலைக் கழுவிய வெளிநாட்டு அம்மாவை நான் பலமுறை நினைத்துக்கொள்கிறேன். அன்று மாலையே அவரை அழைத்துக்கொண்டு, ஊர் முக்கிலிருந்து காலனிவரை அந்த முக்காக் கிலோமீட்டர் நடந்திருந்தால் அவர் என்ன எழுதியிருப்பார்? தெரியவில்லை. ஆனால் நடக்கச் சொல்லியிருக்க வேண்டியது என் வேலை. செய்யவில்லை.

அதனால் அந்த வாக்கியத்தை இன்று திருத்திக்கொள்கிறேன். அந்த அக்கா சொன்னது போக்குவரத்துச் சிரமம் அல்ல. “நாங்கள் தலித்துகள் என்பதால் உங்கள் வேன் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. அதற்கான தண்டனையையும் எங்கள் பிள்ளைகளுக்கே கொடுக்கிறீர்கள்.” இதுதான் சரியான மொழிபெயர்ப்பு. பல ஆண்டு தாமதமாகச் சொல்கிறேன்.

ஜெய்பீம்.